படகு வாடகைக்கு முன் பேச வேண்டியவை

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலையில் இருந்துகொண்டு சுற்றுலாக் குழுக்களுக்கு ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். எல்லை தாண்டி வருபவர்கள் முன்பெல்லாம் பூவாறு காயலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திருவனந்தபுரம் கிளம்பிவிடுவார்கள். இப்போது கொச்சியில் ஒரு நாள் முழுக்கத் தங்களுக்கே கட்டமரான், அதாவது இரண்டு உடல்களை இணைத்துக் கட்டிய படகு, வேண்டும் என்கிறார்கள். தாய்லாந்தின் புக்கெட், மலேசியாவின் லங்காவி என்று விசாரிப்பவர்களும் உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் எடுத்த எடுப்பில் வாடகையைக் கேட்கிறார்கள். அடுத்து மீன் வறுவல் உண்டா என்று கேட்கிறார்கள்.

எத்தனை பேர் என்று நான் கேட்டால், “பெரியவர்கள் பன்னிரண்டு பேர். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்வோம் அண்ணாச்சி” என்று பதில் வரும். மடிக் கணக்கெல்லாம் பஸ்ஸோடு சரி. படகில் கைக்குழந்தையும் ஒரு தலைதான். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்ட படகு, இருட்டிய பிறகு அளவுக்கு மேல் ஆளேற்றிக்கொண்டு போனது. ஆய்வுச் சான்றிதழில் எத்தனை பேருக்கு அனுமதி, அது காயலுக்கா கடலுக்கா என்ற இரண்டையும் பாருங்கள். காயலுக்கு வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு காயல் கடலோடு சேரும் பொழிமுகம் தாண்டிக் கடலுக்குள் போக முடியாது.

லைஃப் ஜாக்கெட்டை எண்ணினால் மட்டும் போதாது. பிள்ளைக்கு மாட்டி, பட்டைகளை இறுக்கி, தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது அந்தப் பிள்ளையின் அளவு இல்லை. தண்ணீரில் பிள்ளை கீழே போகும், ஜாக்கெட் மேலே வரும்.

‘இரண்டு உடல் படகு, கவிழவே கவிழாது’ என்று தரகர்கள் அடித்துச் சொல்வார்கள். பாதி உண்மை. கட்டமரான் அகலமானது, அதிகம் சாயாது, தலைசுற்றலும் குறைவு. அடியில் கனம் வைத்துக் கட்டிய ஒற்றை உடல் பாய்மரப் படகு காற்று கூடும்போது சாய்ந்து முன்கூட்டியே எச்சரிக்கும். கட்டமரான் அப்படிச் சொல்வதில்லை. அதனால்தான் நல்ல கேப்டன் காற்றின் வேகத்தைப் பார்த்தே பாயைச் சுருக்குகிறார். ஒருமுறை கவிழ்ந்துவிட்டால் அது தானாக நிமிராது. பாரம் கூடினாலும் ஆபத்து: இரண்டு உடல்களையும் இணைக்கும் நடுத்தளம் தண்ணீருக்கு அருகே இறங்கி, அலை அடியிலிருந்து மோதத் தொடங்கும். எல்லாரும் ஒரே பக்கம் கூடுவது எந்தப் படகிலும் கெடுதல். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்தபோது, கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகப் போனார்கள் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள்.

கிரீஸ், குரோஷியா போன்ற இடங்களில் கேப்டன் இல்லாமல் படகை மட்டும் தருவார்கள். ஓட்டுபவரிடம் உரிமம் இருக்க வேண்டும். நம் குழுக்களுக்கு அது வேண்டாத வேலை.

இத்தனையும் சரியாக இருந்தாலும், நான் அதிகம் பயப்படுவது குழுவின் அவசரத்துக்குத்தான். பணம் கட்டியாயிற்று, ஊரிலிருந்து வந்தாயிற்று, இரவு ரயிலுக்கு டிக்கெட் இருக்கிறது. கேப்டன் கடலைப் பார்த்துத் தயங்கினால் பத்துப் பேர் சேர்ந்து அவரை நெருக்குவார்கள். கள்ளக்கடல் வரும் நாளில் கரையில் காற்றே இருக்காது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை, சில நாள் கழித்து இங்கே வந்து ஏறும். 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்ததும் அப்படித்தான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அந்த நாளுக்கு முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தது.

ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: வானிலை பற்றிக் கேப்டனின் முடிவே இறுதி, புறப்படாவிட்டால் வேறு நாள் அல்லது முழுப் பணம். ‘போகாவிட்டால் பாதிதான் திரும்பும்’ என்று எழுதியிருந்தால் குழுவும் நெருக்கும், முதலாளியும் நெருக்குவார், நடுவில் கேப்டன். அந்த வரிக்கு ஒப்புக்கொள்ளாதவருக்கு நான் முன்பணம் அனுப்புவதில்லை. படகுப் பயணத்தைச் சுற்றுலாவின் கடைசி நாளில் வைக்கவும் மாட்டேன். முதல் நாளிலேயே வைத்துவிட்டால், கடல் சரியில்லாதபோது கொச்சியின் மட்டாஞ்சேரியைச் சுற்றிப் பார்ப்பதை முன்னால் இழுத்துவிட்டு மறுநாள் காலை படகுத்துறைக்குப் போகலாம்.