சலக்கசிவும் தாம்பத்தியமும்: இரண்டுக்கும் ஒரே நரம்பு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஐம்பது தாண்டிய பெண்கள் நாலு பேர் கூடினால் சீனி, பிரஷர், மூட்டுவலி எல்லாம் பேச்சில் வரும். இருமும்போதும் சிரிக்கும்போதும் சலம் கசிகிறது என்பது வராது. அதனாலேயே கணவருக்குப் பக்கத்தில் போகத் தயக்கமாக இருக்கிறது என்பது டொக்டரிடம்கூட வராது. ஆண்களும் இப்படித்தான். இரவில் நாலு தடவை எழும்புவதைச் சொல்வார்கள். விறைப்பு முன்போல இல்லை என்பதை மனதுக்குள் வைத்துக்கொள்வார்கள். முதலாவது சலப்பை வருத்தம், இரண்டாவது வயசுக் கோளாறு என்று தாங்களே பிரித்துவிடுகிறார்கள். உடம்பு அப்படிப் பிரிக்கவில்லை. இரண்டையும் நடத்துவது ஒரே நரம்புகள், தாங்குவது ஒரே தசைகள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் டொக்டருக்குக் கிடைப்பது பாதிக் கதைதான்.

சரி, சலப்பை எப்படி வேலை செய்கிறது? சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 முதல் 2 லீட்டர் சிறுநீரை இறக்குகின்றன. வளர்ந்தவரின் சலப்பை 400, 500 மில்லிலீட்டர் வரை கொள்ளும். 150, 200 மில்லிலீட்டர் சேர்ந்ததும் போகவேண்டும் போல மெல்லிய உணர்வு வரும். அவசரமில்லை, கையில் உள்ள வேலையை முடித்துவிட்டுப் போகலாம். நிறைய நிறைய சலப்பையின் சுவர்த் தசை இளகிக்கொடுக்கிறது, கழுத்துப் பகுதி இறுகியே நிற்கிறது. முதுகின் கீழ்ப்பாதியிலிருந்து வரும் பரிவு நரம்புகள் (எங்கள் விருப்பமில்லாமல் தாமாகவே இயங்கும் நரம்புகளில் ஒரு வகை) இதைப் பார்த்துக்கொள்கின்றன. அதற்கும் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இன்னொரு வளையத் தசை உண்டு. அது எங்கள் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது.

மலசலகூடத்தில் போய் உட்கார்ந்ததும் எல்லாம் மாறும். மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறு பகுதி கட்டளையிட, வளையத் தசை தளரும், சலப்பை சுருங்கும். அந்தப் பகுதியை 1925இல் பூனைகளில் ஆராய்ந்து காட்டியவர் பாரிங்டன் என்ற பிரித்தானியர். மூளையின் முன்பகுதி ‘இப்போது வேண்டாம்’ என்று அந்தக் கட்டளையைத் தடுத்து வைக்கும். பின்னேர நெரிசலில் காலி வீதி பஸ்ஸில் நின்றபடியே வீடு வரைக்கும் தாங்க முடிவது இதனால்தான். பக்கவாதம், பார்க்கின்சன் நோய் போன்றவற்றில் இந்தத் தடுப்புத் தளர்ந்துபோவதால், உணர்வு வந்த கையோடு சலமும் வந்துவிடுகிறது.

இனித்தான் முக்கியமான இடம். சலப்பையைச் சுருங்க வைக்கும் நரம்புகள் முள்ளந்தண்டின் அடியில் உள்ள திரிக எலும்பின் வழியாக வருகின்றன. அந்த எலும்பில் 2ஆம், 3ஆம், 4ஆம் நரம்புகள் இவை. ஆண்குறிக்கு இரத்தம் பாய்ந்து விறைப்பதற்கான கட்டளையும் இதே மூன்று நரம்புகளில்தான் போகிறது. பெண்ணில் கிளிட்டோரிஸ் பருப்பதும், யோனிச் சுவருக்கு இரத்தம் பாய்ந்து ஈரம் ஊறுவதும் அதே வழியில்தான். அந்தரங்க உறுப்பின் தொடு உணர்ச்சியை மூளைக்கு எடுத்துச் செல்லும் பியூடென்டல் நரம்பும் அங்கேதான் பிறக்கிறது. விருப்பப்படி இறுக்கிப்பிடிக்கும் வளையத் தசையும் அதன் கட்டளையில்தான் இயங்குகிறது. ஆகவே பிள்ளைப்பேறோ, சத்திரசிகிச்சையோ, முள்ளந்தண்டுத் தட்டு விலகியதோ, நீண்டகாலச் சீனி வருத்தமோ இந்த நரம்புகளைத் தொட்டால், சலத்தில் ஒரு கோளாறும் படுக்கையில் ஒரு கோளாறும் சேர்ந்து வருவதில் வியப்பில்லை.

விந்து வெளியேறும் நேரத்தில் சலப்பையின் கழுத்து இறுக மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் விந்து பின்னோக்கிச் சலப்பைக்குள் போய்விடும். சீனி வருத்தத்தால் நரம்பு கெட்டவர்களுக்கு இது நடக்கும். ஆண்களின் சலப்பைக்குக் கீழே உள்ள புரொஸ்டேட் சுரப்பியின் வீக்கத்துக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் மாத்திரையாலும் விந்து குறையலாம், வெளியே வராமலும் போகலாம். உச்சம் வரும், விந்து வராது. ஆபத்தில்லை, ஆனால் இதை முன்கூட்டியே சொல்லாததால் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட்டு, பிறகு சலம் அடைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்கள் உண்டு. மருந்தை எழுதும்போதே இந்த ஒரு வசனத்தையும் சொல்லிவிடவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நரம்புக்கு அடுத்தது தசை. முன்னே இடுப்பெலும்பிலிருந்து பின்னே வாலெலும்பு வரை, ஏணையைப் போலத் தொங்கிக்கொண்டு சலப்பை, கருப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் தாங்குவது இடுப்புத்தளத் தசை. உச்சம் வரும்போது ஏறத்தாழ 0.8 செக்கனுக்கு ஒரு தடவை சுருங்கித் துடிப்பதும் இந்தத் தசைகள்தான். சுகப்பிரசவத்தில் இவை மிகையாக இழுபடும். சிலருக்கு எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்திலேயே கிழிந்தும் விடும். பிறகு இருமினால், தும்மினால், அரிசி மூட்டையைத் தூக்கினால் வயிற்றின் அழுத்தம் கீழே இறங்கும்போது சிறுநீர்க் குழாய்க்குத் தாங்கல் இல்லை. சலம் கசிகிறது. அதே தளர்ச்சியால் உடலுறவில் உணர்ச்சி குறைந்ததாகவும் சிலர் சொல்வார்கள்.

அமெரிக்காவில் ஆர்னல்ட் கீகல் என்ற பெண்நோயியல் மருத்துவர் 1948இல் இந்தத் தசைகளுக்கான பயிற்சியை எழுதி வெளியிட்டார். அவர் நோக்கம் சலக்கசிவை நிறுத்துவது. ஆனால் பயிற்சி செய்த பெண்கள் படுக்கையிலும் மாற்றம் தெரிகிறது என்று சொல்ல, சில வருடங்களில் அதையும் தனியாக எழுதினார். ஆண்களுக்கும் இது பொருந்தும். விறைப்புக் குறைபாடு உள்ள 55 ஆண்களிடம் இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனை 2005இல் வெளியானது. ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு அவர்களில் 40 சதவீதம் பேருக்கு விறைப்பு வழமைக்குத் திரும்பியிருந்தது. ஆண்குறியின் அடியைச் சுற்றியுள்ள தசைகள் இறுகி இரத்தத்தை உள்ளே பிடித்துவைப்பதே காரணம்.

பயிற்சி எளிதுதான், பிழையாகச் செய்வதும் எளிதுதான். காற்றுப் பிரியாமல் அடக்குவது போலப் பின்பக்கத்தை இறுக்கி, அந்த இறுக்கத்தை முன்பக்கம் வரை உள்ளே மேலே இழுக்கவேண்டும். வயிறு, தொடை, பிட்டம் அசையக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. சில செக்கன் பிடித்து, அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்தவேண்டும். குறைந்தது 8 சுருக்கம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம். இரண்டு கிழமையில் ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. தசை வளர அந்தக் காலம் தேவை. அப்புறம் ஒரு சின்ன உத்தி: தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததும், தும்முவதற்கு ஒரு கணம் முன்பே அந்தத் தசையை இறுக்கிக்கொள்வது. கசிவு குறைவதைச் சிலர் ஒரு கிழமைக்குள்ளேயே காண்கிறார்கள். சலம் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம்; சலப்பை முழுதாக வெறுமையாகாமல் பழகிவிடும்.

எல்லாருக்கும் தசை தளர்ந்திருப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். சிலருக்கு அது எந்நேரமும் இறுகியே இருக்கும். அவர்களுக்கு உடலுறவில் வலி, சலம் போகத் தொடங்குவதில் சிரமம், அடிக்கடி போகவேண்டும் என்ற உணர்வு. அவர்கள் இறுக்கப் பழகினால் இன்னும் மோசமாகும், தளர்த்தப் பழகவேண்டும். அதனால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒரு தடவையாவது காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. தேசிய வைத்தியசாலை உட்படக் கொழும்பின் பெரிய அரச வைத்தியசாலைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது.

உடலுறவின்போதே சலம் கசிவதுண்டு. பெண்கள் மிகவும் மறைக்கும் விஷயம் இது. 1988இல் இங்கிலாந்தில் வெளியான ஹில்டன் என்பவரின் ஆய்வில், சலக் கோளாறுகளுக்கான கிளினிக்குக்கு வந்து தாம்பத்தியத்திலும் இருந்த 324 பெண்களில் 79 பேர், கிட்டத்தட்ட நாலில் ஒருவர், இது தங்களுக்கு நடப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு உறவு தொடங்கும் கட்டத்தில் கசிவு, மற்றவர்களுக்கு உச்சத்தில். இந்த நேர வேறுபாடு டொக்டருக்கு மிகவும் பயன்படும். தொடக்கத்தில் கசிந்தால் பெரும்பாலும் இருமலில் கசியும் வகை, அதாவது தாங்கல் தளர்ந்தது. பயிற்சியும் தேவைப்பட்டால் சத்திரசிகிச்சையும் உதவும். உச்சத்தில் கசிந்தால் சலப்பைத் தசை கட்டுமீறிச் சுருங்கும் வகையாக இருக்கலாம். அதற்குச் சலப்பையை அமைதிப்படுத்தும் மாத்திரைகள் உண்டு. ஆகவே ‘எப்போது கசிகிறது?’ என்று டொக்டர் கேட்டால், வெட்கத்தில் பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். அதுவரை, உறவுக்கு முன் சலம் கழித்துவிட்டு, ஒரு துவாயை விரித்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். துணைவரிடம் ஒரு தடவை சொல்லிவிட்டால் மீதியில் பெரும் பங்கு போய்விடும். மனைவி விலகிப் படுப்பதைத் தன்மேல் வெறுப்பு என்று நினைத்துக்கொண்டே வருடக்கணக்கில் இருக்கும் கணவர்மார் இருக்கிறார்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. யோனியின் தோலும் சிறுநீர்க் குழாயின் உட்தோலும் அந்த ஹோர்மோனை நம்பியிருப்பவை. இரண்டும் ஒன்றாக மெலிந்து உலர்வதால் உறவில் எரிவு, சலத்தில் அவசரம், திரும்பத் திரும்பச் சலத்தொற்று எல்லாம் ஒரே காலத்தில் வரும். யோனியில் பூசும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பலருக்கு மூன்றையுமே குறைக்கும். மார்புப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

ஆண்களில் புரொஸ்டேட் வீக்கமும் விறைப்புக் குறைவும் கைகோர்த்து வருவது வயதால் மட்டுமில்லை. நரம்பு நுனிகளிலிருந்தும் இரத்தக்குழாய்ச் சுவரிலிருந்தும் வெளிப்படும் நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயு, ஆண்குறியின் இரத்தக்குழாயையும் புரொஸ்டேட், சலப்பைக் கழுத்துத் தசைகளையும் தளர்த்துகிறது. இரத்தக்குழாய்களில் அதன் வேலையைக் கண்டுபிடித்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வாயு குறைந்தால் இரண்டு இடமும் பாதிக்கப்படும். விறைப்புக்காக வந்த டடலாஃபில் மாத்திரையை, தினமும் 5 மில்லிகிராம் என்ற அளவில், புரொஸ்டேட் வீக்கத்தின் சலத் தொந்தரவுக்கும் 2011இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்தது இந்தத் தொடர்பால்தான். நெஞ்சு வலிக்கு நாக்குக்குக் கீழே வைக்கும் நைட்ரேட் மாத்திரை பாவிப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. பிரஷர் உயிராபத்தாகும் அளவுக்கு இறங்கும். தெரிந்தவர் தந்தார் என்று வாங்கி விழுங்குவதை எப்படியாவது நிறுத்தவேண்டும்.

சீனி வருத்தம் சலப்பையைச் சத்தமில்லாமல் கெடுக்கிறது. நிறைந்த உணர்வே குறைந்துபோகும். சலப்பை அளவுக்கு மீறி விரிந்து, வழிவது போலக் கசியும். மிச்சம் தேங்கித் தொற்றாகும். இப்படி இருப்பவர்கள் உணர்வுக்காகக் காத்திராமல் மூன்று, நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நேரம் பார்த்துப் போகவேண்டும்.

கொழும்பில் வேறொரு இடைஞ்சலும் இருக்கிறது. அரச கிளினிக்கில் சிங்களம் மட்டும் தெரிந்த டொக்டர் என்றால், அம்மாவுக்கு மகனோ மகளோதான் மொழிபெயர்ப்பு. மகனை நடுவில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் படுக்கையறைக் கதை சொல்வாள்? பக்கத்தில் அடுத்த நோயாளி நின்றுகொண்டிருப்பார். ஆகவே சகோதரியையோ கூட்டாளியையோ கூட்டிப்போங்கள். முடிந்தால் நடப்பதை ஒரு துண்டில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவித்துக் கொடுங்கள். மூன்று நாளைக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தது, எப்போது போனது, எப்போது கசிந்தது என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போனால், காசு கட்டிச் சனல் பண்ணிய டொக்டர் தரும் பத்து நிமிடமும் வீணாகாது. 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகங்கள் ஊடாக நடக்கும் வெல் வுமன் கிளினிக், அதாவது பெண்களுக்கான உடல்நலப் பரிசோதனைக் கிளினிக், 1996இல் தொடங்கியது. இந்தப் பேச்சை எடுக்க அதைவிட இலகுவான இடம் இல்லை.

கசிவுக்குப் பயந்து கோயிலுக்குப் போகாமல் இருப்பவர்கள், வுழூ (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் சுத்தம்) முறிந்துவிடும் என்று பள்ளிவாசலுக்குப் போகத் தயங்குபவர்கள், தண்ணீரே குடிக்காமல் வெளியில் இறங்குபவர்கள் எங்களுக்குள் நிறைய. தண்ணீரைக் குறைத்தால் சலம் கெட்டியாகிச் சலப்பையை உறுத்தும், மலச்சிக்கல் வந்து அழுத்தும். அவசரம் கூடத்தான் செய்யும். குறைக்கவேண்டியது தேத்தண்ணியும் கோப்பியும், அதுவும் படுக்கைக்கு முன்.

ஒரு நிலையில் மட்டும் கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாது. முதுகுவலியோடு திடீரென்று சலம் போகாமல் நின்றால் அல்லது போவது தெரியாமல் போனால், மலவாயிலைச் சுற்றியும் அந்தரங்கப் பகுதியிலும் மரத்துப்போனால், கால் சோர்ந்தால், முள்ளந்தண்டின் அடியில் அந்த நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று அர்த்தம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். நசுங்கிய நேரம் நீள நீள, சலக் கட்டுப்பாடும் விறைப்பும் உணர்ச்சியும் திரும்பும் வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும்.