பெவல் லேசர் வாங்க எந்த மானியம் கிடைக்கும்? கிருஷ்ணகிரி, தருமபுரி ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கான விளக்கம்

பெவல் லேசர் என்பது பிளேட்டின் விளிம்பை வெல்டிங்குக்கு ஏற்றபடி சாய்வாக வெட்டும் லேசர் இயந்திரம். அதற்கென்று தனியாக எந்த அரசுத் திட்டமும் கிடையாது. பொதுவான முதலீட்டு மானியம், வட்டி மானியம், கடன் உத்தரவாதம் ஆகியவற்றில் நம் பட்டறைக்குப் பொருந்துவதைப் பிடிக்க வேண்டும். பொருந்துவது எது என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. உரிமையாளர் யார், பட்டறை புதிதா பழையதா, எந்த ஒன்றியத்தில் இருக்கிறது, உத்யம் சான்றிதழில் (குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு) என்ன தொழில் பதிவாகியிருக்கிறது என்ற நான்கும்தான் தீர்மானிக்கின்றன.

மானியத் தொகையைக் கணக்கிடுவதோ கொட்டேஷனை வைத்து. கொட்டேஷனில் தவறான இயந்திரம் இருந்தால், எவ்வளவு மானியம் வந்தாலும் அது நட்டம்தான். ஆகவே இயந்திரத்தின் அளவை முதலில் சரியாக முடிவு செய்யுங்கள்.

எத்தனை கிலோவாட் வேண்டும்

20 மி.மீ. பிளேட்டை 45 டிகிரியில் சாய்த்து வெட்டினால் லேசர் ஊடுருவ வேண்டிய நீளம் 20 அல்ல, 28.3 மி.மீ. தடிமனை 1.414 ஆல் பெருக்க வேண்டும். 30 டிகிரி என்றால் 1.155 ஆல் பெருக்கினால் போதும், 23.1 மி.மீ. வரும். விற்பனையாளர் “25 மி.மீ. வரை வெட்டும்” என்று சொல்வது நேர்வெட்டுக்கு. அதே இயந்திரம் 45 டிகிரியில் கணக்குப்படியே 17.7 மி.மீ. தான் தரும். வேலையில் அதுவும் குறையும். சாய்ந்த நாசிலிலிருந்து வரும் கேஸ் நேராக வெட்டுக்குள் இறங்காமல் பிளேட்டின் மேல்பரப்பில் சிதறுவதால் அடிப்பக்கம் கசடு ஒட்டும். அதைக் கிரைண்டிங் செய்ய ஆள் வைத்தால் பெவல் லேசர் வாங்கியதன் பயனே போய்விடும்.

எனவே கடந்த ஓராண்டு ஆர்டர்களை எடுத்து, வெல்டிங் விளிம்பு தேவைப்பட்ட பிளேட்டுகளைத் தடிமன் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பெரும்பகுதி 8 முதல் 16 மி.மீ. என்றால் 12 கிலோவாட்டிலேயே பேசலாம். 20 மி.மீ. பிளேட்டில் 45 டிகிரி அடிக்கடி வந்தால் 20 கிலோவாட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். 30, 40 மி.மீ. தான் உங்கள் வேலை என்றால் பெவல் லேசரில் பணத்தைப் போடாதீர்கள். மூன்று டார்ச் கேஸ் கட்டிங்கோ, பெவல் தலை உள்ள பிளாஸ்மாவோ மிகக் குறைந்த முதலீட்டில் அந்த வேலையை முடித்துத் தரும்.

விற்பனையாளரின் ஷோரூம் பிளேட்டில் வெட்டிக் காட்டுவதைச் சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் வழக்கமாக வாங்கும் ஐ.எஸ். 2062 தர இரும்பு பிளேட்டை, மேலே இருக்கும் கருஞ்செதிலோடும் துருவோடும் கொண்டுபோய் வெட்டச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் ‘ஒய்’ பெவல், 2 மி.மீ. ரூட் ஃபேஸ் (சாய்வாக வெட்டாமல் நேராக விடும் விளிம்புப் பகுதி), நடுவில் ஒரு வட்டம் என்று வரைபடம் கொடுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் ரூட் ஃபேஸை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 1.5, எதிர்ப்பக்கம் 2.8 என்று வந்தால் தலையின் மையம் சரியாக அளவிடப்படவில்லை, அல்லது சாய்ந்த நிலையில் உயர சென்சார் தவறாகப் படிக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்து மறுபடி வெட்டிக் காட்டிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

மேசை தாங்கும் எடையையும் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. தடிமனுக்கு 7.85 கிலோ. 2 மீட்டருக்கு 6 மீட்டர், 20 மி.மீ. பிளேட் ஒன்று மட்டுமே 1,884 கிலோ. கிரேன் அதைத் தூக்குமா என்பது அடுத்த கேள்வி.

மின்சாரம்

பலருடைய கணக்கு இங்கேதான் குலைகிறது. ஃபைபர் லேசர் மூலம், அதாவது லேசர் ஒளியை உருவாக்கும் பகுதி, தான் இழுக்கும் மின்சாரத்தில் 30 முதல் 40 சதவீதத்தைத்தான் ஒளியாக மாற்றும். 12 கிலோவாட் லேசரில் அந்தப் பகுதி மட்டும் சுமார் 34 கிலோவாட் இழுக்கும், 20 கிலோவாட் என்றால் 57. இதற்கு மேல் சில்லர் (குளிர்விக்கும் கருவி), கம்ப்ரசர், புகை உறிஞ்சி, மோட்டார்கள் என்று சேரும். தமிழ்நாட்டில் தாழ்வழுத்த இணைப்புக்கு மின்பளு வரம்பு உண்டு. பிரஸ் பிரேக், வெல்டிங் செட்டுகள், கிரேன் எல்லாம் ஏற்கெனவே ஓடும் பட்டறையில் 20 கிலோவாட் லேசரை வைத்தால் உயரழுத்த இணைப்புக்குப் போக வேண்டிவரும். சொந்த டிரான்ஸ்ஃபார்மர், அதற்கான இடம், மின் ஆய்வுத் துறை ஒப்புதல் என்று செலவும் மாதங்களும் கூடும். போதாக்குறைக்கு, புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு மாநில அரசு 36 மாதங்களுக்குத் தரும் 20% மின்கட்டண மானியம் தாழ்வழுத்த இணைப்புக்கு மட்டுமே. கூடுதல் மின்பளு விண்ணப்பத்தை இயந்திர ஆர்டருக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

யாருக்கு எந்தத் திட்டம்

முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் புதிதாகப் பட்டறை தொடங்கினால் மாநில அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டம். திட்டச் செலவு 10 லட்சம் முதல் 5 கோடி ரூபாய் வரை இருக்கலாம். மானியம் 25%, உச்சவரம்பு 75 லட்சம். அதோடு 3% வட்டி மானியமும் உண்டு. பொதுப் பிரிவினர் தம் பங்காக 10% போட வேண்டும், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினர் 5%. கல்வித் தகுதியும் வயது வரம்பும் உண்டு. ஏற்கெனவே ஓடும் பட்டறைக்கு இதில் இடமில்லை. அப்பா பெயரில் உள்ள பட்டறைக்குள்ளேயே மகன் பெயரில் புது நிறுவனம் காட்டும் மனுக்கள், அதே கட்டடம், அதே மின் இணைப்பு, அதே வாடிக்கையாளர் என்று தெரிந்ததும் நின்றுபோகும்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முழு உரிமையாளராக இருக்கும் நிறுவனங்களுக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். இன்றைக்கு இருப்பதில் வலுவான வாய்ப்பு இதுவே. 35% மானியம், உச்சவரம்பு 1.5 கோடி, 6% வட்டி மானியம். புதுத் தொழிலுக்கும் உண்டு, ஓடும் தொழிலை விரிவாக்கவும் உண்டு. மீதி 65% வங்கிக் கடன் என்பதால் கைப்பணம் இல்லாதவர்களும் பெரிய இயந்திரத்தை எட்டலாம். ஊத்தங்கரை, அரூர் பக்கம் கேட் கிரில் வேலையிலிருந்து கனரக வேலைக்கு மாற நினைப்பவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. இதே பிரிவினருக்கு மத்திய அரசின் சிறப்புக் கடன்சார் முதலீட்டு மானியமும் இருக்கிறது. 1 கோடி வரையிலான இயந்திர முதலீட்டுக்கு 25%, அதிகபட்சம் 25 லட்சம். எல்லோருக்கும் 15% கொடுத்துவந்த பழைய மத்திய மானியம் 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது. இன்னமும் அதைச் சொல்லி இயந்திரம் விற்பவரை நம்ப வேண்டாம்.

ஓடும் பட்டறை நடத்தும் மற்றவர்கள் பார்க்க வேண்டியது மாநில அரசின் முதலீட்டு மானியம். தொழிலில் பின்தங்கிய ஒன்றியங்களில் உள்ள உற்பத்தி நிறுவனங்களுக்கும், முன்னுரிமைத் தொழில்களாக அறிவிக்கப்பட்டவற்றுக்கும் தகுதியான இயந்திர மதிப்பில் 25%, உச்சவரம்பு 1.5 கோடி. ஒன்றியப் பட்டியலை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். அஞ்சல் முகவரியில் ஓசூர் என்று இருப்பதால் மனை ஓசூர் ஒன்றியத்தில்தான் இருக்கிறது என்று ஆகாது. கெலமங்கலத்திலோ சூளகிரியிலோ இருக்கலாம். நிலப் பத்திரத்தில் உள்ள கிராமத்தின் பெயர்தான் கணக்கு. வாகன உதிரிபாகங்கள், சூரிய மின்சக்திக் கருவிகள், மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஆகியவை முன்னுரிமைப் பட்டியலில் வருவன. ஷெட், பாலம், கூரைச் சட்டம் செய்யும் பட்டறை அந்தப் பட்டியலை நம்பாமல், பின்தங்கிய ஒன்றியம் என்ற வழியைப் பார்க்க வேண்டும்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு உச்சம் 50 லட்சம். பெவல் லேசருக்கு அது போதாது. பிளாஸ்மா மேசைக்கும் பிளேட் விளிம்பு சீவும் இயந்திரத்துக்கும் போதும்.

ஒரே இயந்திரத்துக்கு இரண்டு இடங்களில் முதலீட்டு மானியம் வாங்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வட்டி மானியமோ மின்கட்டண மானியமோ கூடச் சேருமா என்று தொழில் மையத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உத்யம் சான்றிதழும் கொட்டேஷனும்

ஜாப் ஒர்க் மட்டும் செய்யும் பல பட்டறைகள் உத்யமில் சேவை என்று பதிந்திருக்கின்றன. முதலீட்டு மானியம் உற்பத்திக்குத்தான். உலோகக் கட்டமைப்பு செய்வது தேசியத் தொழில் வகைப்பாட்டில் 2511. உலோகத்தைப் பதப்படுத்துதல், மெஷினிங் செய்தல் 2592. இரண்டுமே உற்பத்திப் பிரிவில் வருபவை. சான்றிதழைத் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள். 2025 ஏப்ரல் முதல் குறு நிறுவனத்தின் வரம்பு 2.5 கோடி முதலீடு, 10 கோடி விற்றுமுதல் என்றும், சிறு நிறுவனத்துக்கு 25 கோடி, 100 கோடி என்றும் உயர்ந்திருக்கிறது. பழைய வகைப்பாட்டில் தேங்கியிருந்தால் அதையும் புதுப்பிக்க வேண்டும்.

கொட்டேஷனில் “லேசர் இயந்திரம் முழுமையாக” என்று ஒரே வரியில் தொகை போட்டு வாங்காதீர்கள். இயந்திரம், லேசர் மூலம், பெவல் தலை, சில்லர், ஸ்டெபிலைசர், புகை உறிஞ்சி, மென்பொருள், வண்டிக் கூலி, பயிற்சி, பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் தனித்தனி வரியாக வர வேண்டும். அதிகாரி சிலவற்றை ஏற்று சிலவற்றைக் கழிப்பார். ஒரே வரியாக இருந்தால் விளக்கம் கேட்டு ஃபைல் திரும்பி வரும். லேசர், பெவல் தலை ஆகியவற்றின் வரிசை எண்கள் இன்வாய்ஸிலும் இயந்திரத்தின் தகட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பயன்படுத்திய இயந்திரத்துக்கு மானியம் இல்லை. திரவ ஆக்சிஜன் தொட்டி கேஸ் நிறுவனத்தின் வாடகைச் சொத்து என்றால் அதுவும் கணக்கில் சேராது. 1,000 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிக்கு, பெசோ என்று சொல்லப்படும் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமமும் வேண்டும். தொட்டியைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி சிறிய மனையில் கிடைக்காமல் போகலாம். காற்றால் வெட்டுவதா ஆக்சிஜனாலா என்பதைக் கட்டட வரைபடம் போடும்போதே முடிவு செய்யுங்கள்.

கையில் எவ்வளவு பணம் வேண்டும்

ஜி.எஸ்.டி. சேர்க்காமல் இயந்திரம் 1.60 கோடி என்று வைத்துக்கொள்வோம். 18% வரி 28.8 லட்சம். வங்கி 75% கொடுத்தால் கடன் 1.20 கோடி, உங்கள் பங்கு 40 லட்சம். மாநில மானியம் 25% என்றால் அதுவும் 40 லட்சம். இரண்டும் ஒன்றாக இருக்கிறதே என்று சொந்தப் பங்கை வெளியில் கடன் வாங்கிப் போடுவதுதான் பெரிய ஆபத்து. இந்த மானியம் இயந்திரம் ஓடத் தொடங்கி, ஆய்வு முடிந்து, நிதி ஒதுக்கீடு வந்த பிறகே கிடைக்கும். 10% வட்டியில் 40 லட்சம் ஓராண்டு தாமதமானால் வட்டி மட்டும் 4 லட்சம். மானியம் வராமலேயே மாதத் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் இயந்திரம் பெரிது.

ஜி.எஸ்.டி. 28.8 லட்சத்தை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். ஆனால் ரொக்கமாக வராது, நீங்கள் போடும் பில்லின் வரியில்தான் கழியும். மாதம் 15 லட்சத்துக்கு 18% பில் போட்டால் வரி 2.7 லட்சம். வேறு உள்ளீடே இல்லை என்றாலும் முழுதும் கழிய ஏறக்குறைய 11 மாதம் ஆகும். பிளேட்டும் நீங்களே வாங்கினால் இன்னும் நீளும். இந்த இடைவெளிக்கு நடைமுறை மூலதனத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அந்த வரித் தொகையைச் சேர்த்துத் தேய்மானம் கோரினால் உள்ளீட்டு வரி உரிமை போய்விடும். இரண்டில் ஒன்றுதான்.

வருமான வரியில் இயந்திரத்துக்கு 15% தேய்மானம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான். இன்வாய்ஸ் தேதி போதாது, இயந்திரம் ஓடத் தொடங்கிய தேதிக்கான சான்று வேண்டும். மானியமாக வந்த தொகையை இயந்திர மதிப்பில் கழித்துத்தான் தேய்மானம் போட வேண்டும் என்பதை ஆடிட்டரிடம் பேசி வையுங்கள்.

அடமானம் இல்லாதவர்களுக்கு

குறு, சிறு நிறுவனங்களுக்கான சி.ஜி.டி.எம்.எஸ்.இ. கடன் உத்தரவாதம் 2025 ஏப்ரலில் 10 கோடியாக உயர்ந்தது. உத்தரவாதம் வங்கிக்குத்தான், கடன் உங்கள் தலையில்தான் இருக்கும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2025 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற பரஸ்பரக் கடன் உத்தரவாதத் திட்டமும் இருக்கிறது. 100 கோடி வரையிலான இயந்திரக் கடனுக்கு 60% உத்தரவாதம், ஆனால் தொடக்க விதிகளின்படி திட்டச் செலவில் குறைந்தது 75% இயந்திரங்களுக்குப் போக வேண்டும், கடனில் 5% முன்கூட்டியே கட்ட வேண்டும்.

ஏற்றுமதி செய்பவர்கள் இ.பி.சி.ஜி. (ஏற்றுமதிக்கான இயந்திர இறக்குமதிச் சலுகைத் திட்டம்) வழியாகச் சுங்க வரியில்லாமல் இறக்குமதி செய்யலாம். மிச்சமான வரியைப்போல் ஆறு மடங்கு ஏற்றுமதியை ஆறு ஆண்டில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வரியை வட்டியோடு கட்ட வேண்டும். ஏற்றுமதி ஆர்டர் கையில் இல்லாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

ஃபைல் எங்கே நிற்கும்

வாடகைக் கட்டடம் என்றால் பதிவு செய்த குத்தகைப் பத்திரம் வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தை வைத்துப் பெரிய மானியம் கேட்க முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விண்ணப்பத்தில் பெயிண்டிங் பூத் இருப்பதை மறைத்தால், ஆய்வின்போது வகை மாறி எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். முன்பணத்தை ரொக்கமாகவோ வேறொருவர் கணக்கிலிருந்தோ கொடுத்திருந்தால் அந்தத் தொகையை நிரூபிக்க முடியாது. ஒவ்வொரு ரூபாயும் நிறுவனத்தின் கணக்கிலிருந்தே போகட்டும். விரிவாக்கம் என்று கேட்பவர்கள் பழைய இயந்திரங்களின் பட்டியலையும் மதிப்பையும் ஆடிட்டர் சான்றோடு வைக்க வேண்டும். முதலீடும் உற்பத்தித் திறனும் எவ்வளவு உயர்ந்தன என்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

மானியம் பெற்ற இயந்திரத்தைக் குறிப்பிட்ட காலம் வரை விற்கவோ இடம் மாற்றவோ கூடாது. ஓசூரில் இடம் போதவில்லை என்று எல்லை தாண்டி கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்குக் கொண்டுபோனால் தமிழ்நாடு அரசின் மானியத்தைத் திருப்பிக் கட்ட நேரும். மாவட்டத்துக்குள்ளேயே ஷெட் மாற்றினாலும், வண்டியில் ஏற்றுவதற்கு முன் வங்கியிடமும் தொழில் மையத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.