சிபியூ மேலே எலுமிச்சம்பழம், உள்ளே ஓடுவது யார்?

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் செல்போனில் ஒரு படம் அனுப்பினார். கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் திரை. "அண்ணா, ஒரே பேர்ல அறுபது எழுபது ஓடுது. சிஸ்டம் வேற ஸ்லோ. வைரஸா?"

நேரில் போனேன். காலையிலிருந்து ராத்திரி வரை ஊரிலுள்ள பென்டிரைவெல்லாம் வந்து செருகிப் போகும் கடை அது. பயம் நியாயம்தான். பாதுகாப்புக்கென்று இருந்தது, ஆயுத பூஜைக்கு வைத்து சிபியூ மேலேயே காய்ந்து கறுத்துப்போன எலுமிச்சம்பழம் மட்டும்.

அந்த அறுபதை முதலில் முடித்துவிடலாம். பெயர் எஸ்-வி-சி-ஹோஸ்ட். வைஃபை, ஒலி, கடிகார நேரம், அப்டேட் என்று விண்டோஸின் சில்லறை வேலைகளைச் சுமக்கும் நிரல். முன்பெல்லாம் பல வேலைகளை ஒரே நிரலில் கட்டி ஓட்டினார்கள். ஒன்று விழுந்தால் கூட இருந்ததும் விழும். 2017இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, மெமரி 3.5 ஜிபிக்கு மேல் இருந்தால் பெரும்பாலான வேலைகளுக்குத் தனித்தனி நிரல். அதனால்தான் இந்தக் கூட்டம். பெயர்மேல் ரைட் கிளிக் செய்து கோப்பு இருக்குமிடத்தைத் திறந்தால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 வர வேண்டும். அதே பெயர் டவுன்லோட்ஸிலோ டெம்ப்பிலோ உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படலாம். எழுத்து இடம் மாறி எஸ்-சி-வி என்று இருந்தாலும் அப்படித்தான். தம்பியுடையது எல்லாம் சிஸ்டம்32தான்.

ஆனால் பட்டியலில் கீழே இன்னொன்று இருந்தது. நானும் கேள்விப்படாத பெயர். ப்ராபர்ட்டீஸைத் திறந்தால் டிஜிட்டல் கையெழுத்துக்கான பக்கமே இல்லை. (இது மட்டும் போதாது. விண்டோஸின் நோட்பேடுக்கும் அந்தப் பக்கம் இருக்காது; அதன் கையெழுத்து தனியாக ஒரு பதிவேட்டுக் கோப்பில் இருக்கும்.) "கையெழுத்துன்னா என்னண்ணா, ஸ்கேன் பண்ணி ஒட்டுறதா?" என்றார் தம்பி. எனக்கு இந்தக் கேள்வி போதும், மதியச் சாப்பாடே மறந்துவிடும்.

அது புரிய, முதலில் ஒரு நிரலுக்குக் கைரேகை எடுப்பது எப்படி என்று தெரிய வேண்டும். கால்குலேட்டர் எடுங்கள். 1234ஐ அதே எண்ணால் பெருக்கினால் 1522756. முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து எட்டு இலக்கமாக்கி, நடுவில் உள்ள நான்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: 5227. அதையும் அப்படியே செய்தால் 3215. இன்னொரு தடவை, 3362. இப்போது 1235ஐ எடுங்கள். கடைசி இலக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். முதல் சுற்றில் 5252. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிதான் தெரிகிறது. இரண்டாம் சுற்றில் 5835. மூன்றில் 0472. 3362க்கும் 0472க்கும் இனி எந்த உறவும் இல்லை. சரி, 3362ஐ மட்டும் கையில் கொடுத்து, எந்த எண்ணில் ஆரம்பித்தேன் என்று கேட்டால்? ஒவ்வொரு சுற்றிலும் ஓர இலக்கங்களைக் குப்பையில் போட்டாயிற்று. வந்த வழியே திரும்ப முடியாது.

1940களில் கணித மேதை ஜான் வான் நியூமன் தாறுமாறான எண்கள் வேண்டிக் கையாண்ட வழி இது. இன்றைய பாதுகாப்புக்கு விளையாட்டுச் சாமான்தான், ஆனால் ருசி அதே ருசி. கைரேகை எடுக்க இப்போது புழங்கும் எஸ்.எச்.ஏ-256 என்ற கணக்கு முறை என்ன செய்கிறது? நிரலை 64 பைட் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் 64 சுற்று கலக்கி, வந்ததை அடுத்த துண்டோடு சேர்த்து மறுபடி கலக்குகிறது. 10 கேபி நிரலோ 10 ஜிபி படமோ, கடைசியில் கிடைப்பது 64 இடங்கள் கொண்ட ஒரு கைரேகை. நிரலில் ஒரு பிட்டை, அதாவது ஒரே ஒரு 0 அல்லது 1ஐத் தொட்டால்கூட கைரேகையில் ஏறக்குறைய பாதி பிட்டுகள் புரண்டுவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

மீதி சுலபம். நிரலை எழுதியவர் இந்தக் கைரேகையைத் தன் ரகசியச் சாவியால் பூட்டி நிரலோடு வைக்கிறார். அதற்கு ஜோடியாக அவர் எல்லோருக்கும் கொடுத்திருக்கும் பொதுச் சாவியால் யாரும் திறந்து பார்க்கலாம். உள்ளே இருப்பதும் நம் கணினி கணக்கிட்டதும் ஒன்றாக இருந்தால், நடுவில் யாரும் கை வைக்கவில்லை. அந்தச் சாவி இன்னாருடையதுதான் என்று சான்றிதழ் கொடுக்கத் தனி நிறுவனங்கள் இருக்கின்றன.

கவனியுங்கள், இதில் எங்கேயும் "இவர் நல்லவர்" என்று வரவில்லை. 2010இல் பிடிபட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, ரியல்டெக் நிறுவனத்திடம் திருடிய சாவியால் கையெழுத்திட்டுக்கொண்டு வந்தது. கையெழுத்து அசல், ஆள் போலி.

அப்படியானால் கையெழுத்தே இல்லாத இந்த நிரல்? விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூடில் என்ற கருவியில் அதன் கைரேகையை எடுத்தேன். வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பை ஏற்றாமல் கைரேகையை மட்டும் தேடினேன். கோப்பை ஏற்றினால் அது வேறு பலர் கைக்கும் போகும். வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கள் கிடக்கிற கடையில் அந்தப் பழக்கமே வேண்டாம். அந்தக் கைரேகை பல வருடங்களுக்கு முன்பே அங்கே பதிவாகியிருந்தது. எழுபது சொச்சம் வைரஸ் தேடிகளில் இரண்டு மட்டும் சிவப்புக் காட்டின: விசைகளை ஒட்டுக்கேட்கிறதாம்.

விசை என்றதும் பொறி தட்டியது. "தம்பி, தமிழ் டைப்பிங்குக்கு என்ன வெச்சிருக்கே?" முந்தின கடைக்காரர் போட்டுக்கொடுத்த பழைய கீபோர்டு மென்பொருள். அதுதான் இது! நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் வேர்டுக்குப் போகுமுன் வழிமறித்துத் தமிழெழுத்தாக்குவதுதான் அதன் பிழைப்பு. பாஸ்வேர்டு திருடனும் அதே வாசலில்தான் நிற்பான். ஒரு வித்தியாசம், திருடன் எடுத்ததை வெளியே அனுப்பியாக வேண்டும். ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து வைத்து ஒரு மனுவை முழுதாகத் தட்டச்சு செய்தோம், டீயும் குடித்தோம். அந்த நிரல் நெட் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் சும்மா இருந்ததால் நூற்றுக்கு நூறு யோக்கியன் என்று ஆகிவிடாதுதான். ஆனால் பழைய பதிவு, இரண்டே சிவப்பு, அதற்கும் தெரிந்த காரணம், இந்த மௌனம் எல்லாம் சேர்த்து, நான் அதை விட்டுவைத்தேன்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. கையெழுத்திடும் சான்றிதழுக்கு வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். ராத்திரி கண்விழித்துத் தமிழுக்குக் கீபோர்டு எழுதி இலவசமாகக் கொடுத்தவர் அதற்கு எங்கே போவார்? கணித்தமிழுக்கு மாநாடு போடுகிற செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, இந்தச் சின்ன மென்பொருள்களைப் பரிசோதித்துக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாமே.

சிஸ்டம் ஸ்லோவானதற்குக் காரணம்? 4 ஜிபி மெமரி, குரோமில் மூடாமல் கிடந்த நாற்பது டேப். மூடினோம். எலுமிச்சம்பழத்தை எடுக்க மட்டும் தம்பி சம்மதிக்கவில்லை.