புளோரஸ் எலும்புகளும் எங்கள் கிளினிக் பிள்ளைகளும்

வட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு படத்தைத் திருகோணமலையில் பல பெற்றோர் எனக்குக் காட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் கிடைத்த சின்ன மண்டையோடு; மறுபக்கம் பிறவியிலேயே தலை சிறுத்த ஒரு பிள்ளையின் முகம். இரண்டும் ஒன்று என்று கீழே எழுதியிருக்கும். அதே நிலையோடு பிறந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மூதூரிலிருந்து வந்த ஒரு தாய் கேட்டார்: "டொக்டர், என்ட பிள்ளையும் இந்த இனமாம் எண்டு சொல்றாங்க. மெய்யா?"

மெய்யில்லை. ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தக் குழப்பம் ஆய்வாளர்களுக்கு நடுவிலேயே பல வருடம் ஓடியது.

2003இல் புளோரஸின் லியாங் புவா குகையில் ஒரு பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. உயரம் சுமார் 106 சென்டிமீட்டர். மூளையின் கொள்ளளவு ஏறக்குறைய 420 மில்லிலீட்டர். நம்மில் வளர்ந்த ஒருவருக்குச் சராசரியாக 1,350 அளவில் இருக்கும். ஞானப்பல் வரை முளைத்திருந்ததால் சிறுமி அல்ல, வளர்ந்த பெண் என்பது உறுதி. 2004இல் இது தனி இனம் என்று அறிவித்து, ஹோமோ புளோரசியென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். உடனே எதிர்ப்பு எழுந்தது. இந்தோனேசியாவின் மூத்த ஆய்வாளர் தெய்கு ஜேக்கப், இது தலை சிறுத்த நோயுள்ள, நம் இனத்துப் பெண் என்றார். பிறகு வளர்ச்சி ஹோர்மோன் உடம்பில் வேலை செய்யாத லாரன் நோய் என்றார்கள், பிறவித் தைராய்ட் குறைபாடு என்றார்கள், 2014இல் டவுன் சின்ட்ரோம் என்றார்கள். அத்தனையும் குழந்தை வைத்தியர்கள் படித்து அறிந்த நிலைமைகள்.

ஒரு அறிகுறியை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது வார்டில் நாங்கள் முதலில் படிக்கும் பாடம். உயரம் குறைவு என்றால் நூறு காரணம் இருக்கலாம். சொல்லும் நோய் அந்த உடம்பில் உள்ள எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். தைராய்ட் சுரக்காமல், வைத்தியமும் இல்லாமல் வளர்ந்த உடம்பில் பல் முளைப்பது பிந்தும், நீண்ட எலும்புகளின் முனைகள் மூடுவதும் பிந்தும். எக்ஸ்ரேயில் நாங்கள் தேடுவது அதைத்தான். புளோரஸ் பெண்ணிடம் அந்த அடையாளம் இல்லை. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கும் நம் எல்லோரையும் போல நாடி எலும்பு, அதாவது கீழ்த்தாடையின் முன்னால் துருத்தும் முகவாய், உண்டு. இந்தப் பெண்ணின் கீழ்த்தாடையில் நாடியே கிடையாது. அதே குகையில் கிடைத்த இன்னொருவரின் தாடையிலும் கிடையாது. ஒருவருக்கு நோய் என்று ஒத்துக்கொண்டாலும், இரண்டாவது தாடையை என்ன செய்வது?

என்னை முழுதாக நம்ப வைத்தது மணிக்கட்டு. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் அடியில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. நம்மிடமும், அழிந்துபோன இன்னொரு மனித இனமான நியாண்டர்தால் மனிதரிடமும் அது சப்பாத்து மாதிரி உள்ளங்கைப் பக்கம் அகன்றிருக்கும். குரங்கினங்களில் ஆப்பு மாதிரிக் குறுகியிருக்கும். 2007இல் வெளியான ஆய்வில், புளோரஸ் பெண்ணின் எலும்பு ஆப்பு வடிவம். இந்த எலும்பின் வடிவம் கரு வளரத் தொடங்கிய முதல் மாதங்களிலேயே அமைந்துவிடுகிறது. பிறகு உடம்பு வளராமல் போனாலும், மூளை சிறுத்தாலும், மணிக்கட்டு எலும்பு குரங்கினத்து ஆப்பு வடிவத்துக்கு மாறாது. எனக்குத் தெரிந்த எந்தப் பிள்ளை நோயும் அதைச் செய்வதில்லை.

காலக்கணக்கும் மாறியது. முதலில் 18,000 வருடம் என்றார்கள். குகைத் தரையின் ஒரு பகுதி அரிக்கப்பட்டு, அதன்மேல் பிந்திய மண் படிந்திருந்ததைப் பிற்பாடு கண்டார்கள். தேதி கணித்த கரி அந்தப் பிந்திய மண்ணுக்குரியது. 2016இல் திருத்திய கணக்குப்படி எலும்புகளுக்கு வயது 60,000 முதல் 100,000 வருடம். அதே வருடம், அதே தீவின் மாத்தா மெங்கேயில் கிடைத்த, அதைவிடவும் சின்னத் தாடைத் துண்டும் பற்களும் வெளியிடப்பட்டன. அவற்றின் வயது சுமார் 700,000 வருடம். நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளே சுமார் 300,000 வருடத்துக்கு உரியவை. அப்படியிருக்க, நம் இனத்து நோயாளி அங்கே எப்படி இருந்திருக்க முடியும்? உயரமான ஹோமோ எரெக்டஸ் என்ற ஆதி மனித இனம் தீவில் ஒடுங்கிச் சிறுத்ததா, இல்லை முதலிலேயே சிறிய உருவுள்ள வேறொரு மூதாதையிலிருந்து வந்ததா என்பதில்தான் இன்று வாதம் நடக்கிறது.

வைத்தியர்கள் இப்படித் தவறுவது புதிதல்ல. 1856இல் ஜெர்மனியில் கிடைத்த நியாண்டர்தால் எலும்புகளைப் பார்த்து, பெயர்பெற்ற நோயியலாளர் ருடோல்ஃப் விர்ஹோ, ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு வளையும் நோயும் மூட்டுவாதமும் கண்ட நம்மைப் போன்ற ஒருவர் என்றார். அந்த மனிதரின் இடது முழங்கையில் காயம் பட்டு ஆறிய தடம் இருந்தது மெய்தான். ஆனால் புருவ மேட்டையும் தாழ்ந்த மண்டையையும் அது விளக்கவில்லை. மறுபக்கமும் நடந்தது. 1908இல் பிரான்சில் கிடைத்த முதிய நியாண்டர்தாலை வைத்து, இவர்கள் கூனி, முழங்கால் மடித்து நடந்தவர்கள் என்று பிரெஞ்சு ஆய்வாளர் மார்சலின் பூல் எழுதினார். அந்த முதியவருக்குக் கடும் மூட்டுவாதம் இருந்ததையும், மற்றவர்கள் நிமிர்ந்தே நடந்திருப்பார்கள் என்பதையும் 1957இல்தான் எடுத்துக்காட்டினார்கள். ஒரு நோயாளியின் வலியை ஒரு இனத்தின் குணமாக்கிவிட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கிறது, ஏனென்றால் எங்கள் பிள்ளைகளுக்கும் இன்று அதைத்தான் செய்கிறார்கள்.

வித்தியாசமாகத் தெரிவதெல்லாம் தனி இனமும் அல்ல. இலங்கையில் எலும்புகள் கிடைத்த ஆதிகால பலாங்கொடை மனிதனுக்கு ஆய்வாளர் பி. இ. பி. தெரணியகல தனி உபஇனப் பெயர் வைத்தார். இன்று அவர்கள் நம் இனமே என்று கொள்ளப்படுகிறது. சீனாவின் சிவப்பு மான் குகை (ரெட் டியர் கேவ்) எலும்புகளைத் தனி இனமோ என்று 2012இல் பேசினார்கள். 2022இல் மரபணு பார்த்தபோது நம்மவர்தான் என்று தெரிந்தது.

பிள்ளையின் தலை சிறுப்பதற்குக் காரணம் ஆதி மனிதன் அல்ல. கர்ப்ப காலத்தில் தாய்க்கு வந்த ரூபெல்லா போன்ற தொற்றாக இருக்கலாம், பிறக்கும்போது ஒட்சிசன் குறைந்திருக்கலாம், பெற்றோர் இருவரிடமும் மறைந்திருந்த ஒரே மரபணுக் குறையாக இருக்கலாம். நெருங்கிய சொந்தத்தில் கலியாணம் செய்தால் கடைசிக் காரணத்துக்கு வாய்ப்புக் கூடும். அடுத்த பிள்ளைக்கு முன் வைத்தியரிடம் பேசுங்கள். ரூபெல்லாத் தடுப்பூசி போடாத பெண்கள் கர்ப்பமாவதற்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். பிறவித் தைராய்ட் குறைபாட்டுக்கு, பிறந்த சில வாரங்களுக்குள் தைரொக்சின் தொடங்கினால் பிள்ளையின் மூளை காப்பாற்றப்படும். அதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் குழந்தையின் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுக்கிறார்கள். பிள்ளை அழுகிறதே என்று தடுக்காதீர்கள். அதன் பிறகு ஆஸ்பத்திரி திரும்ப அழைத்தால் அன்றைக்கே போங்கள்.

குடும்பநல உத்தியோகத்தர் அளக்கும் தலைச் சுற்றளவு கிளினிக் கொப்பியில் புள்ளியாகப் பதிவாகிறது. அந்தக் கோடு கீழே இறங்கினாலோ, ஏறாமல் நின்றாலோ, அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் கொப்பியோடு பிள்ளையைக் கூட்டி வாருங்கள்.