ஒரு தம்பதி, நான்கு தவளைகள், ஒரு ஸ்டார் ட்ரெக் ரசிகை

1992 செப்டம்பர் 12-ஆம் தேதி கிளம்பிய எண்டெவர் விண்ணோடத்தில் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் மார்க் லீயும் ஜேன் டேவிஸும் கணவன் மனைவி. கல்யாணமான ஜோடி ஒன்றாக விண்வெளிக்குப் போனது அதுதான் முதல் முறை. இன்னொருவர் மே ஜெமிசன். விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண்ணான இவர், சிறு வயதிலிருந்தே ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகை. கூடவே நான்கு பெண் தவளைகள். அறிவியல் புனைவு ரசிகர்கள், காமம், விண்வெளி ஆய்வு மூன்றையும் சேர்த்துப் பேச இதைவிடப் பொருத்தமான பயணம் கிடைக்காது.

ரசிகர்களின் கதை சின்னது, ஆனால் அழுத்தமானது. நாசா தன் முதல் சோதனை விண்ணோடத்துக்குக் கான்ஸ்டிடியூஷன் என்று பெயர் வைக்க நினைத்திருந்தது. ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் வெள்ளை மாளிகைக்குக் கடிதங்களாக எழுதிக் குவிக்க, 1976-ல் அது தொடரில் வரும் விண்கலத்தின் பெயரான எண்டர்பிரைஸ் ஆனது. அடுத்த ஆண்டு இன்னும் பெரிய பலன் வந்தது. தொடரில் விண்கலத்தின் கறுப்பினப் பெண் அதிகாரி உஹூராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ், பெண்களும் சிறுபான்மையினரும் விண்வெளி வீரர் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நாசாவுக்காகப் பிரசாரம் செய்தார். 1978-ல் தேர்வான 35 பேரில் ஆறு பேர் பெண்கள்; அதுவரை நாசாவின் வீரர் குழுவில் ஒரு பெண்கூடக் கிடையாது. உஹூராவைப் பார்த்து வளர்ந்த ஜெமிசன் 1987-ல் தேர்வானார். எண்டெவரில் உஹூராவின் வசனத்தைச் சொல்லித்தான் தன் ஷிஃப்டைத் தொடங்குவார். திரும்பி வந்தபின் அந்தத் தொடர்வரிசையின் ஓர் அத்தியாயத்தில் நடித்தும் விட்டார். ஒரு ரசிகைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

சரி, தம்பதிக்கு வருவோம். கணவன் மனைவியை ஒரே பயணத்தில் அனுப்பும் வழக்கம் நாசாவில் இல்லை. லீயும் டேவிஸும் குழுவில் இடம்பெற்ற பிறகு கல்யாணம் செய்துகொண்டார்கள். பயிற்சி வெகுதூரம் போய்விட்டதால் ஆளை மாற்றவில்லை. மேலே போனதும் ஒருவர் பகல் என்றால் மற்றவர் இரவு என்கிற மாதிரி வெவ்வேறு ஷிஃப்ட். ஊர் வாய் சும்மா இருக்குமா? மேலே இருவரும் கூடினார்களா என்ற கேள்வி இன்றுவரை அவர்களைத் துரத்துகிறது. எஸ்டிஎஸ்-75 என்ற விண்ணோடப் பயணத்தில் நாசா உடலுறவு நிலைகளைச் சோதித்தது என்ற 'ரகசிய அறிக்கை'யும் உலவுகிறது. அது சுத்தப் புரளி. அந்த அறிக்கை 1989-லேயே சுற்றத் தொடங்கிவிட்டது. எஸ்டிஎஸ்-75 கிளம்பியதோ 1996-ல்.

புரளியை ஒதுக்கிவிட்டு இயற்பியலைக் கேட்டால் அது தெளிவாகவே பதில் சொல்கிறது. பூமியில் நம் எடை நம்மைப் படுக்கையோடு சேர்த்து வைக்கிறது. எடையின்மையில் ஒருவரைத் தள்ளினால் அவர் ஒரு பக்கம் போவார், நீங்கள் எதிர்ப்பக்கம் போவீர்கள். நியூட்டனின் மூன்றாம் விதி யாருக்கும் சலுகை தராது. அதனால் பட்டையோ பெல்ட்டோ இல்லாமல் நெருக்கம் நிலைக்காது. அமெரிக்க எழுத்தாளர் வன்னா போன்டா, இருவரை ஒட்டுப்பட்டைகளால் சேர்த்து வைக்கும் உடை ஒன்றை வடிவமைத்து, எடையின்மையை உண்டாக்கும் விமானத்தில் சோதித்தும் பார்த்தார். இன்னொரு சிக்கல் வெக்கை. சூடான காற்று மேலே எழும்புவது ஈர்ப்பு இருக்கும் இடத்தில்தான். எடையின்மையில் அது உடம்பைச் சுற்றியே நிற்கும். வியர்வையும் வழியாமல் தோலில் படலமாக ஒட்டிக்கொள்ளும். ரத்தமும் மற்ற திரவங்களும் தலைப்பக்கம் நகர்வதால் உடல், நீர் அதிகமாகிவிட்டது என்று எண்ணி ரத்தத்தின் அளவைக் குறைக்கிறது. இவை எல்லாம் தொந்தரவுகள்தான், தடைகள் அல்ல. நிஜமான கேள்வி அதற்குப் பிறகு தொடங்குகிறது: விந்தும் முட்டையும் சேர்ந்தால் கரு ஒழுங்காக வளருமா?

அதற்குத்தான் தவளைகள். தவளை முட்டையின் ஒரு பாதியில் கனமான மஞ்சள்கரு இருக்கும். கருவுற்றதும் அந்தக் கனமான பக்கம் கீழே வரும்படி முட்டை தானாகத் திரும்பிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் எது முதுகு, எது வயிறு என்பது முடிவாகும். முட்டையைத் திரும்பவிடாமல் தடுத்தால் ஈர்ப்பு இந்த முடிவில் தலையிடுவதை ஆய்வகத்திலேயே பார்க்கலாம். அப்படியானால் ஈர்ப்பே இல்லாத இடத்தில் கருவுக்கு முதுகு எது, வயிறு எது என்று தெரியாமல் போகுமோ? நூறு வருடத்துக்கும் மேலாக உயிரியலாளர்கள் விவாதித்த கேள்வி இது.

எண்டெவரில் தவளைகளுக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைத்து, விந்துக் கரைசலைச் சேர்த்தார்கள். முட்டைகளில் ஒரு பகுதியைச் சுழலும் கருவியில் வைத்து, பூமியின் ஈர்ப்புக்கு நிகரான விசையைக் கொடுத்தார்கள். மீதி எடையின்மையிலேயே வளர்ந்தன. நடுவில் சில வித்தியாசங்கள் தெரிந்தன. எடையின்மையில் வளர்ந்த கருக்களில் உள்ளே இருக்கும் குழிவின் கூரை வழக்கத்தைவிடத் தடிப்பாக இருந்தது. ஆனால் கரு தன்னைத் தானே சரிசெய்துகொண்டது. முதுகும் வயிறும் அதனதன் இடத்தில் அமைய, தலைப்பிரட்டைகள் பொரிந்து நீந்தின. ஒரு குறை மட்டும் இருந்தது: அவற்றின் நுரையீரல் காற்றால் நிறையவில்லை. பூமியில் தலைப்பிரட்டை நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கும். அங்கே 'மேலே' என்று ஒன்று இருந்தால்தானே போய்த் தேட! பூமிக்குத் திரும்பியதும் அதுவும் சரியானது. என்னைக் கேட்டால், அந்தப் பயணத்தின் மிகப் பெரிய செய்தி இதுதான். தம்பதியைப் பற்றிய வம்பில் இதைக் கவனித்தவர்கள் குறைவு என்பது வருத்தம்.

தவளை முட்டைகளை மனிதர்கள்தான் கருவுறச் செய்தார்கள். விண்வெளியில் தானாகக் கூடிய முதல் முதுகெலும்பு விலங்குகள் ஜப்பானின் மெடாக்கா மீன்கள். எடையின்மையில் பெரும்பாலான மீன்கள் கரணம் அடித்துச் சுழலும். காதுக்குள் இருக்கும் ஈர்ப்பு உணர் கற்கள் ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்வதால் வரும் குழப்பம் அது. ஆண் தன் துடுப்புகளால் பெண்ணை அணைத்தால்தான் கூட முடியும், சுழலும் மீனால் அது நடக்காது. ஆய்வாளர் கெனிச்சி இஜிரி, கண்ணை நம்பி நேராக நீந்தும் மீன் வகையைத் தேர்ந்தெடுத்தார். 1994-ல் கொலம்பியா விண்ணோடத்தில் நான்கு மீன்கள் 43 முட்டைகள் இட்டன, மேலேயே எட்டுக் குஞ்சுகள் பொரிந்தன.

பாலூட்டிகளிடம் கதை இவ்வளவு சுலபம் இல்லை. 1979-ல் சோவியத்தின் காஸ்மாஸ் 1129 கலத்தில் ஆண் எலிகளையும் பெண் எலிகளையும் ஒன்றாக விட்டார்கள். ஒன்றுகூடக் குட்டி போடவில்லை. அப்புறம் கதிர்வீச்சுக் கவலை இருக்கிறது. விண்வெளி நிலையத்தில் ஒருவருக்கு நாலைந்து நாளில் கிடைக்கும் கதிர்வீச்சு, பூமியில் ஒரு வருடம் முழுக்க இயற்கையாகக் கிடைப்பதற்குச் சமம். வேகமாகப் பிரியும் கருவின் செல்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. நம்பிக்கை தரும் சேதிகளும் உண்டு. ஜப்பானின் தெருஹிகோ வாகயாமா குழு உறைய வைத்து உலர்த்திய எலி விந்தணுக்களை நிலையத்துக்கு அனுப்பியது. 5 வருடம் 10 மாதம் மேலே இருந்த விந்தணுக்களிலிருந்தும் ஆரோக்கியமான குட்டிகள் பிறந்தன.

அதே குழு 2021-ல் இரண்டு செல் பருவத்தில் உறைந்த எலிக் கருக்களை மேலே அனுப்பியது. விண்வெளி வீரர்கள் அவற்றை உருகவைத்து நான்கு நாள் வளர்த்தார்கள். 2023-ல் முடிவு வெளியானது: எடையின்மையிலும் பல கருக்கள், குட்டியாகப்போகும் செல்களும் நஞ்சுக்கொடியாகப்போகும் செல்களும் பிரிந்து நிற்கும் பருவம் வரை ஒழுங்காக எட்டியிருந்தன. எலியின் கர்ப்பகாலம் சுமார் இருபது நாள். அதில் நான்கு நாள் பார்த்தாகிவிட்டது. இனி கரு கருப்பைச் சுவரில் ஒட்டுவது, நஞ்சுக்கொடி உருவாவது, பிரசவம் எல்லாம் பாக்கி. அதற்குத் தாய் எலிகள் வாரக்கணக்கில் வாழக்கூடிய கூடுகள் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, மனிதர் குடியேற நினைக்கும் செவ்வாயின் ஈர்ப்பு அளவுக்குச் சுழலும் கூடுகளும் வேண்டும்.