மீசை சொல்லும் முகவரி

போன மாதம் தென் கடலைப் பற்றி எழுதியபோது, "மீசையை வைத்துப் பார்த்ததில், ஆண் சீல் குட்டிகள் ஒரு பக்கமும் பெண் குட்டிகள் இன்னொரு பக்கமும் போவது தெரிந்தது" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். வாசகர் ஒருவர் அந்த வரியை விடுவதாக இல்லை. "கைரேகை பார்ப்பது தெரியும். மீசை பார்த்து ஊர் சொல்வது என்ன சாத்திரம்? அதுவும் பெண் குட்டிக்கு மீசை ஏது?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். முதல் பாதிக்குப் பதில் கொஞ்சம் நீளம்.

நான் குறிப்பிட்டது அண்டார்டிக் ரோம சீல். அடர்ந்த ரோமமும், வெளியே தெரியும் சிறு காதுமடலும், முன்துடுப்பை ஊன்றி நடக்கும் திறமையும் உள்ள இனம். உலகில் உள்ளவற்றில் மிகப் பெரும்பகுதி தென் அட்லாண்டிக்கின் தெற்கு ஜார்ஜியா தீவைச் சேர்ந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தோலுக்காக வேட்டையாடி ஏறக்குறைய துடைத்தே விட்டார்கள். பிறகு எப்படியோ பிழைத்து மீண்டது. வளர்ந்த பெண் 35, 40 கிலோ இருக்கும். ஆண் அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு. கரையில் இடம் பிடித்து, மற்ற ஆண்களை விரட்டி, வாரக்கணக்கில் பட்டினி கிடந்து காவல் காக்க அந்த உடம்பு வேண்டும்.

வளர்ந்தவை பிரிந்து மேய்வது பழைய செய்தி. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண்கள் தெற்கே பனிக்கட்டி விளிம்பை நோக்கிப் போகின்றன. பெண்கள் பெரும்பாலும் வடக்கே இருந்துகொள்கின்றன. வட பசிபிக்கின் யானை சீல்களிலும் இப்படித்தான். கலிஃபோர்னியக் கரையிலிருந்து கிளம்பும் ஆண்கள் அலாஸ்கா பக்கம் கண்டத்திட்டுகளில் கடல் தரையோடு இரை தேட, பெண்கள் நடுக்கடலில் மூழ்கி எழுகின்றன. இதற்கான விளக்கமும் தயாராகவே இருந்தது. பெரிய உடம்புக்குப் பெரிய தீனி வேண்டும், அது ஒன்று. கரையில் பாலுக்குக் காத்திருக்கும் குட்டியிடம் தாய் சில நாட்களுக்கு ஒருமுறை திரும்பியாக வேண்டும், அது இன்னொன்று.

அப்படியானால் குட்டிகள்? ரோம சீல் குட்டி பெரும்பாலும் டிசம்பரில் பிறக்கிறது. ஏறத்தாழ நான்கு மாதம் பால். அதன் பிறகு ஒரு நாள் தானாகக் கடலில் இறங்கிவிடுகிறது. இரை தேடப் போன தாய் திரும்பி வந்து பார்க்கும்போது குட்டி அங்கே இருக்காது. அந்த வயதில் ஆண் குட்டிக்குக் கனம் சற்றே கூடுதல், அவ்வளவுதான். பெண் குட்டி தாயாக இன்னும் மூன்று வருடமாவது இருக்கிறது. உடம்பும் தாய்மையும்தான் காரணம் என்றால், இந்த வயதில் இரண்டும் ஒரே கடலில் கலந்து திரிய வேண்டும்.

இதைச் சோதிப்பதுதான் தலைவலி. செயற்கைக்கோள் கருவி ஒன்றின் விலை லட்சங்களில். ரோமத்தின் மேல் ஒட்டிய கருவி, ரோமம் உதிரும்போது அதோடு உதிர்ந்துவிடும். முதல் வருடத்தில் பல குட்டிகள் இறந்தும் போகும். பிறந்ததிலிருந்து ஐந்து வருடம் ஒரே குட்டியை விடாமல் பின்தொடர எந்தக் கருவியும் இல்லை.

மீசை மட்டும் கூடவே போகிறது.

நம் தலைமுடியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பு வரை பின்னல் போட்ட பெண்ணின் முடிநுனி ஐந்தாறு வருடத்துக்கு முந்தையது. அன்று அவர் சாப்பிட்ட சாப்பாட்டின் அணுக்கள்தாம் அந்த நுனியில் கெராட்டின் புரதமாக உறைந்திருக்கின்றன. வளர்ந்து வெளியே வந்த முடிக்கு உயிரில்லை, ரத்த ஓட்டமில்லை. எழுதியதை அழித்துத் திருத்த வழியே இல்லை. சில மாதங்கள் அரிசியை விட்டுக் கம்பும் கேழ்வரகுமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் முளைத்த துண்டில் கார்பன் சற்றுக் கனமாக இருக்கும், ஏனென்றால் கம்பும் கேழ்வரகும் நெல்லைவிடக் கனமான கார்பனைச் சேர்க்கும் பயிர்கள்.

கனமான கார்பன் என்பது பள்ளியில் படித்த ஐசோடோப்புதான், அதாவது ஒரே தனிமத்தில் எடை மட்டும் வேறுபடும் அணு. இயற்கையில் உள்ள கார்பனில் 1.1 சதவீதம் கார்பன்-13, மீதி ஏறக்குறைய முழுவதும் கார்பன்-12. இரண்டுமே கதிர்வீச்சு இல்லாத சாதுவான அணுக்கள். இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

தென் கடலில் துருவத்தை நோக்கிப் போகப் போக, மிதக்கும் நுண்பாசிகளில் கார்பன்-13 குறைந்துகொண்டே போகிறது. ஏன்? காலையில் சந்தைக்குப் போகிறவரையும் இருட்டும் நேரத்தில் போகிறவரையும் நினைத்துப் பாருங்கள். காலையில் கூடை நிறைய வெண்டைக்காய். நுனியை ஒடித்துப் பார்த்துப் பிஞ்சாகப் பொறுக்கலாம். முற்றியதைத் திரும்பக் கூடையிலேயே போடலாம். இருட்டிய பிறகு போனால் கூடையின் அடியில் நாலு காய் கிடக்கும், முற்றலோ பிஞ்சோ வாரிக்கொண்டு வர வேண்டியதுதான். பாசிக்கு இலேசான கார்பன்-12 தான் பிஞ்சு; ஒளிச்சேர்க்கை நொதி அதைத்தான் எளிதாகப் பிடிக்கிறது. குளிர்ந்த நீரில் கார்பன் டை ஆக்சைடு அதிகம் கரையும். அதனால் தெற்கே உள்ள பாசிக்கு எப்போதும் காலைச் சந்தை, இலேசானதாகப் பொறுக்கிக்கொள்கிறது. வடக்கே நீர் வெதுவெதுப்பாக ஆக ஆகச் சரக்கு குறைவு, கனமானதையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கிறது. (வளர்ச்சி வேகம் போன்ற காரணங்களும் உண்டு; பெரும்போக்கு இதுதான்.) அந்தப் பாசியைக் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர் தின்கிறது, கிரிலைச் சீல் தின்கிறது, சீலின் மீசை அடியில் இன்றைய துண்டு முளைக்கிறது. ஒரு வாயுவின் கரைதிறன் ஒரு விலங்கின் மீசையில் வந்து உட்கார்ந்திருப்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

கார்பன் இடத்தைச் சொன்னால், நைட்ரஜன் சாப்பாட்டுத் தட்டைச் சொல்கிறது. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறும்போது கனமான நைட்ரஜன்-15 ஆயிரத்துக்கு மூன்று, நான்கு என்ற அளவில் கூடுகிறது. பால் குடிக்கும் குட்டி ஒரு வகையில் தாயையே தின்கிறது. அதனால் தாயைவிட ஒரு படி மேலே நிற்கும். பால் மறந்தது எப்போது என்பதையும் மீசையிலேயே தேடலாம்.

ஆய்வகத்தில் நடப்பது எளிமையான காரியம். ஒரு மீசைமயிரைக் கழுவி, நுனியிலிருந்து அடி வரை சில மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்குகிறார்கள். இந்த இனத்தின் மீசை நாளுக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வளர்கிறது. மூன்று மில்லிமீட்டர் துண்டு என்றால் மூன்று, நான்கு வார வாழ்க்கை. துண்டை ஒரு துளித் தகரக் கிண்ணத்தில் மடித்து எரித்து, வரும் வாயுவை நிறை நிறமாலைமானிக்குள் செலுத்தினால், காந்தப்புலத்தில் இலேசானது அதிகம் வளையும், கனமானது குறைவாக வளையும், எண்ணிக்கொள்ளலாம். துண்டுகளின் அளவீடுகளை வரிசையாகப் போட்டால் வருடத்துக்கு ஒன்றாக அலைகள் எழுந்து விழுகின்றன. மரத்தின் வளையம் மாதிரி வயதையும் எண்ணலாம். பல விலங்குகளைப் போல் ரோம சீல் ஆண்டுதோறும் மீசையை உதிர்ப்பதில்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

பிரான்ஸ், ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்த முறையில் பால் மறந்த நாள் முதல் ஐந்து வயது வரையிலான பதிவைப் படித்து 2016இல் வெளியிட்டார்கள். கலந்து திரியும் என்று எதிர்பார்த்த குட்டிகள் கலக்கவே இல்லை. பால் மறந்த உடனேயே ஆண்கள் தெற்கே, பெண்கள் அவற்றுக்கு வடக்கே. இடைவெளியும் சிறிதல்ல, வளர்ந்தவற்றிடையே காணும் அளவுக்கு இருந்தது. வளரும் காலம் முழுவதும் அப்படியே நீடித்தது. பெண் குட்டி முதல் வருடம் மட்டும் தனி வழியில் போய், இரண்டு வயதிலேயே தாய்மார்கள் மேயும் நீர்ப்பரப்புக்கு வந்துவிடுகிறது. ஆண் அவசரப்படவில்லை. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது, ஐந்து வயதிலும் கரையை ஆளும் பெரிய ஆண்களின் இடத்துக்கு வந்து சேரவில்லை.

ஆக, உடல் பருமனும் தாய்மையும் நேரடிக் காரணம் என்று சொல்ல முடியாது. எனக்குச் சரியென்று படுவது, ஆண் குட்டி பின்னால் தேவைப்படும் உடம்புக்காக முன்கூட்டியே, ஆபத்து அதிகமானாலும் தீனி அதிகமுள்ள பக்கம் போகிறது என்ற விளக்கம். பால் மறந்த குட்டிக்கு வழிகாட்டத் தாய் கூட வருவதில்லை. திசை பிறப்பிலேயே இருக்க வேண்டும். இது என் சாய்வுதான், தீர்ப்பு இல்லை. "ஆம்பளைப் பிள்ளை ஊர் சுற்றும்" என்று இதைச் சீல் வழியாக நிறுவக் கிளம்பிவிடாதீர்கள். பெண் குட்டியும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் திறந்த கடலில்தான் திரிகிறது, துணைக்கு ஆளில்லாமல்.

சாத்திரம் என்று கேட்டதால் ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். மீசை வடக்கு தெற்கு சொல்லும். கிழக்கு மேற்கு சொல்லாது. ஐந்து வயதுச் சீலின் மீசை, பிழைத்துக் கிடந்த சீலின் கதையை மட்டுமே சொல்லும். முதல் குளிர்காலத்தில் செத்த குட்டி எங்கே போயிருந்தது என்று அதைக் கேட்க முடியாது. சோதிடர் இப்படித் தன் ஓட்டையைத் தானே காட்டி நான் பார்த்ததில்லை.

இதில் காசு விஷயம் ஒன்றும் இருக்கிறது. கருவி கட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் பாலூட்டும் தாய்களின் மேல்தான், அவை கரைக்குத் திரும்பி வரும், கருவியைக் கழற்றி எடுக்கலாம் என்பதால். ஆகவே "ரோம சீல்களின் கடல்" என்று நாம் வரைந்திருக்கும் வரைபடம் பெரும்பாலும் தாய்மார்களின் கடல். தெற்கே கிரில் பிடிக்கும் கப்பல்களுக்கு எங்கே எல்லை போடுவது என்று பேசும்போது இளம் ஆண்கள் கணக்கில் வராமல் போகக்கூடும். ஒரு மயிரும் கத்தரிக்கோலும் அடைக்கும் ஓட்டை இது. ஆனால் மயிரைச் சேகரித்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, இருபது வருடம் இழுப்பறையில் காக்கும் வேலைக்கு நிதி கேட்டால் எந்தக் குழுவும் முகத்தைச் சுளிக்கும். புதுக் கருவி வாங்கத்தான் கையெழுத்துக் கிடைக்கும்.

அப்புறம், பெண் குட்டிக்கு மீசை உண்டு. இரு பாலுக்கும் உண்டு, இருட்டு நீரில் இரையின் அசைவைத் தொட்டறிய. ஆணின் மயிர் 30 சென்டிமீட்டரைத் தாண்டும், பெண்ணுடையது அதைவிடக் குட்டை.