வயர்லெஸ்: சொல் விளக்கம்

லண்டனின் தென்கிழக்குப் பகுதியான டெப்ட்ஃபர்டில் தொடங்கி, அடுத்துள்ள பிளாக்ஹீத்துக்கு இடம் மாறிய பர்ன்டெப்ட் வயர்லெஸ் லிமிடெட் என்னும் நிறுவனம், பிரிட்டனில் வானொலிப் பெட்டி செய்து விற்ற முதல் தலைமுறை நிறுவனங்களுள் ஒன்று. நிறுவியவர் டபிள்யூ. டபிள்யூ. பர்னம். அவர் பெயரின் முன்பகுதியும் ஊர்ப் பெயரின் முன்பகுதியும் ஒட்டியதே 'பர்ன்டெப்ட்'. ஊர்ப் பெயரை அவ்வூரார் 'டெட்ஃபர்ட்' என்றே சொல்வார்கள். எழுத்தில் இருந்தும் நாவில் ஏறாத பகர ஒலியை இந்த வணிகப் பெயர் மீட்டுத் தந்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். விளக்கம் வேண்டியது அதையடுத்து நிற்கும் 'வயர்லெஸ்' என்ற சொல்லுக்குத்தான்.

'வயர்' என்பது கம்பி. 'லெஸ்' என்பது இன்மையைக் குறிக்கும் பின்னொட்டு. மின்தந்தி என்றால் ஊருக்கு ஊர் கம்பம் நட்டுக் கம்பி இழுப்பது என்றிருந்த காலத்தில், கம்பி இல்லாமலே செய்தி போனது பெரும் புதுமையாக இருந்ததால், அந்த இன்மையே அதற்குப் பெயராயிற்று. மார்க்கோனி 1897-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலும் 'வயர்லெஸ் டெலிகிராப்' என்ற தொடர் இருந்தது. மோட்டார் வண்டியையும் முதலில் 'குதிரையில்லா வண்டி' என்றுதான் ஆங்கிலத்தில் அழைத்தார்கள். அந்தப் பெயர் சில ஆண்டுகளில் மறைந்தது, 'வயர்லெஸ்' மறையவில்லை. கதிர், ஆரக்கால் என்னும் பொருளுடைய லத்தீன் 'ரேடியஸ்' வழிவந்த 'ரேடியோ'வுக்கு அமெரிக்கர்கள் மாறிய பிறகும், பிரிட்டனில் வீட்டுக் கூடத்தில் பாட்டும் செய்தியும் கேட்கும் பெட்டி நெடுங்காலம் 'வயர்லெஸ்' என்றே வழங்கியது.

பெயருக்கும் பொருளுக்கும் இருந்த பொருத்தத்தை அந்தக் காலப் பெட்டியின் அருகே போய்ப் பார்த்தால் சிரிப்பு வரும். தோட்டத்துக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வான்கம்பி ஒன்று. அதன் உயரமும் நீளமும் சேர்ந்து 100 அடியைத் தாண்டக்கூடாது என்று அஞ்சல் துறை உரிமத்திலேயே வரம்பு விதித்திருந்தது. தண்ணீர்க் குழாயில் கட்டிய நிலக்கம்பி ஒன்று. வால்வு எனப்படும் வெற்றிடக் கண்ணாடிக் குழல் வைத்த பெட்டியானால், வால்வின் இழையைச் சூடாக்கும் அமில மின்கலத்துக்கு இரண்டு கம்பிகள், உயர் அழுத்த மின்கல அடுக்குக்குத் தனிக் கம்பிகள், காதுபேசிக்கோ ஊதுகொம்பு ஒலிபெருக்கிக்கோ மேலும் ஒரு கம்பி. மின்கலமே தேவைப்படாத எளிய படிகப் பெட்டிக்கும் விடுதலை இல்லை. கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தின் மேல் மெல்லிய கம்பி நுனியை நகர்த்தி நகர்த்தி வைத்து, ஒலி கேட்கும் புள்ளியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தக் கம்பிக்குப் 'பூனை மீசை' என்று பெயர். யாராவது மேசையை இடித்தால் மீசை விலகும், பாட்டு நிற்கும். ஆக, கம்பியில்லாப் பெட்டியின் உயிர் ஒரு கம்பி நுனியில் இருந்தது.

இந்த முரண் பர்ன்டெப்ட் நிறுவனத்தாரை உறுத்தியதோ என்னவோ, தங்கள் பெட்டிகளுக்கு அவர்கள் சூட்டிய பெயர் வேறு வகையானது: 'ஈத்தோபோன்'. ஊதுகொம்பு ஒலிபெருக்கிக்கு 'ஈத்தோவாக்ஸ்'. 'போன்' கிரேக்க மொழியில் ஒலி. 'வாக்ஸ்' லத்தீனில் குரல். முன்னால் நிற்பதை 'ஈதர்' என்று பிரித்தால் பொருள் பொருந்தி வருகிறது. ஈதர் என்பது கிரேக்கர் கருத்தில் விண்ணை நிறைத்திருக்கும் ஐந்தாம் பூதம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்பியலில் ஒளியலைகளைச் சுமந்து செல்வதாகக் கருதப்பட்ட ஊடகம். 1887-இல் மைக்கல்சனும் மார்லியும் செய்த சோதனையில் அதன் தடயம் அகப்படவில்லை; 1905-இல் ஐன்ஸ்டைன் அது தேவையே இல்லை என்றார். அறிவியல் கைவிட்டதைக் கடைத்தெரு கைவிடவில்லை. இருந்தாலும் பெயர் சூட்டும் முறை என்று பார்த்தால், இல்லாத கம்பியைச் சொல்வதைவிட ஒலி வரும் வெளியைச் சொல்வது மேல் என்பதே என் எண்ணம். அவ்வாறு பிரித்தால், 'ஈத்தோபோன்' என்பதற்கு நேரான தமிழ்ச் சொல் நம்மிடம் வழக்கிலேயே இருக்கிறது: வானொலி. நம் ஐம்பூத வரிசையிலும் ஐந்தாவது விசும்பு. ஒலியை ஆகாயத்தின் பண்பாகவே இந்தியத் தத்துவ மரபு கொண்டது.

தமிழில் 'வயர்லெஸ் டெலிகிராப்' என்பதற்கு வந்த முதல் ஆக்கம் 'கம்பியில்லாத் தந்தி'. தந்தி என்பது வீணையிலும் யாழிலும் கட்டும் இழைக்கு வடமொழி வழி வந்த பெயர். கம்பி வழியே வந்த செய்திக்கும் அதுவே பெயராகிவிட்டது. எனவே 'கம்பியில்லாத் தந்தி' என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கம்பியில்லாக் கம்பி' என்றாகும். பேசியவர்கள் யாரும் அப்படிப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள், பிழை என்றும் சொல்ல முடியாது.

பர்ன்டெப்டின் வாழ்வு நீளவில்லை. 1922 அக்டோபரில் வானொலிப் பெட்டி உற்பத்தியாளர்கள் கூடிப் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கம்பெனியை (பிபிசி) தொடங்கியபோது, சிறு உற்பத்தியாளர் சார்பில் அதன் இயக்குநர் குழுவில் இடம்பெற்றவர் பர்னம். நவம்பர் 14-இல் அன்றாட ஒலிபரப்பு தொடங்கியது. கேட்பவர் ஆண்டுக்கு 10 ஷில்லிங் உரிமக் கட்டணம் செலுத்தினர். அந்தக் கம்பெனி 1927 தொடக்கத்தில் அரச சாசனம் பெற்ற பொதுக் கழகமாயிற்று. அதே 1927-இல் பர்ன்டெப்ட் கடன் தீர்ப்பாளர் கைக்குப் போயிற்று. மறு அமைப்பில் எழுந்த நிறுவனம் 1928 என்ற ஆண்டெண்ணைத் தன் பெயரிலேயே தாங்கிக்கொண்டது. பிறகு விடோர் என்னும் மின்கல நிறுவனத்துடன் அந்தப் பெயர் இணைந்தது.

மொழிபெயர்ப்போர் இச்சொல்லை இடம் பார்த்தே கையாள வேண்டும். 1920-களின் பிரிட்டிஷ் எழுத்தில் வீட்டுப் பெட்டியைக் குறித்து வரும் 'வயர்லெஸ்' வானொலிதான். அங்கே 'கம்பியில்லா' என்று எழுதினால் வாசகருக்கு இன்றைய வைஃபை நினைவுக்கு வரும். கப்பல்களுக்கிடையே புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பியதைக் குறித்தால் கம்பியில்லாத் தந்தி. இன்றைய சுட்டெலி, விசைப்பலகை போன்றவற்றுக்கு அடைமொழியாக வந்தால் 'கம்பியில்லா' அல்லது 'கம்பியற்ற'. காவலர் தோளில் கரகரக்கும் கருவியை மக்கள் 'வயர்லெஸ்' என்றே சொல்கிறார்கள். உரையாடலில் அதை அப்படியே விடுவதே இயல்பு. பர்ன்டெப்ட் வயர்லெஸ், ஈத்தோபோன் போன்ற வணிகப் பெயர்களை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்து எழுதுவதே முறை.